குறுக்கெழுத்தும் குறுகிய நோக்கும்

1887ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் ஒரு தமிழ் நூல் அச்சேறியது. அதனை இயற்றியவர் யாழ்ப்பாணத்து வண்ணைநகரைச் சார்ந்த சி. ந. சதாசிவ பண்டிதர். வண்ணையந்தாதி, வண்ணைநகர் ஊஞ்சல், சிங்கைநகர் அந்தாதி என்னும் பகுதிகளோடு சித்திரகவிகள் என்றொரு பகுதியும் அந்நூலில் இடம்பெற்றது. இத்தீவில் அச்சாகி இன்றும் பெயர் விளங்க நிற்கும் தமிழ் இலக்கிய நூல்களுள் மிகப் பழையவற்றில் ஒன்று அது. எழுத்துகளைக் கட்டங்களிலும் சக்கரங்களிலும் அடைத்து, முன்னிருந்தும் பின்னிருந்தும் படிக்கவைத்து, படிப்போனின் அறிவுக்குச் சவால் விடுக்கும் கலையே சித்திரகவி. ஆக, சிங்கைத் தமிழிலக்கியம் கண் விழித்த பருவத்திலேயே அதன் கையில் எழுத்து விளையாட்டும் ஒன்றாக இருந்தது.

வரலாறு இவ்வாறிருக்க, குறுக்கெழுத்துப் புதிர் என்றவுடன் முகம் சுளிக்கும் தமிழன்பர்கள் சிராங்கூன் சாலையின் இருமருங்கிலும் இன்று மலிந்துள்ளனர். "அது வெள்ளைக்காரன் பொழுதுபோக்கு" என்பார் ஒருவர். "பரிசுக்கு ஆசைகாட்டும் சூதாட்டம்" என்பார் மற்றொருவர். "இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளை வைத்துக்கொண்டு கட்டம் கட்ட இயலுமா?" என்று மொழியின் வளத்தையே அதன் குறையாக்கிப் பேசுவார் மூன்றாமவர். இம்மூவரும் ஒருசேரப் பிழைபடுகின்றனர். இவர்களது பிழையால் இழப்புறுவது தமிழே என்பதுதான் வருந்தத்தக்கது.

முதலில் குறுக்கெழுத்து இருவகைப்படும் என்பதை உணர்தல் வேண்டும். ஒன்று, வார இதழ்களின் கடைசிப் பக்கங்களில் காணப்படுவது. "கடலின் மறுபெயர் (2)" என்று அதில் ஒரு குறிப்பு இருக்கும். ஆழி எனலாம், வாரி எனலாம், திரை எனலாம், வேலை எனவும் கூறலாம். நான்கும் கடலே, நான்கும் ஈரெழுத்தே. எது சரியென்று குறிப்பைக் கொண்டு முடிவு செய்ய வழியில்லை. மற்றொன்று, மறைபொருட் குறுக்கெழுத்து. அதில் குறிப்பு இவ்வாறு அமையலாம்: "கப்பலில் வந்தவர் கடந்ததும் தேடியதும் (2)". இதற்கு விடை வேலை ஒன்றே. கடந்தது கடல், தேடியது தொழில். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி இத்தீவில் வந்திறங்கிய பல்லாயிரவரின் வாழ்க்கை அந்த ஈரெழுத்துச் சொல்லுக்குள் அடங்கிக் கிடந்தது. அகராதியில் இரு பொருளும் அடுத்தடுத்தே உள்ளன. ஆயினும் அவற்றை ஒருசேர நோக்கும் வாய்ப்பை அகராதி தருவதில்லை. புதிர் தருகின்றது.

இங்குதான் அவ்விரு வகைகளுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு புலனாகும். முன்னது சொல்லை நினைவுபடுத்தச் சொல்கிறது; பின்னது சொல்லை உற்றுநோக்கச் சொல்கிறது. முன்னதில் விடை சரியா தவறா என்பதை ஆசிரியரே அறிவிக்க வேண்டும். பின்னதில் விடையே தனக்குச் சான்றாய் நிற்கும். கண்டுபிடித்தவனுக்கு ஐயம் எழாது. அடுத்த இதழ் வரும்வரை காத்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இத்தகு புதிரில் ஆழ்ந்து திளைத்தோர் அதனைவிட்டு நீங்காமைக்குக் காரணம், பரிசன்று. இந்த ஐயமற்ற தெளிவே.

சூதாட்டம் என்னும் குற்றச்சாட்டுக்கு ஓரளவு வரலாற்று நியாயம் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. 1930களில் எஸ். எஸ். வாசனின் ஆனந்த விகடன் குறுக்கெழுத்துப் போட்டிகளை நடத்தியது. அதனால் இதழின் விற்பனையும் பெருகியது. பின்னர் இந்தியாவெங்கும் நுழைவுக் கட்டணம் பெற்றுப் பெருந்தொகை பரிசளிக்கும் போட்டிகள் காளான்களாய் முளைத்தன. அவற்றின் சூட்சுமமே, மேலே கூறிய "கடலின் மறுபெயர்" போன்ற இரண்டுங்கெட்டான் குறிப்புகள்தாம். எந்தச் சொல்லை ஆசிரியர் உறையிலிட்டு முத்திரை வைத்திருக்கிறாரோ அச்சொல்லை ஊகிப்பவனுக்குப் பணம். அறிவுக்கு அங்கு வேலையில்லை. ஆதலின் 1955இல் இந்திய அரசு பரிசுப் போட்டிகள் சட்டத்தை இயற்றி, திங்களுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட பரிசைத் தடை செய்தது; உரிமம் பெற்ற சிறு போட்டிகளிலும் 2000 விடைத்தாள்களுக்கு மேல் ஏற்கலாகாது என்று வரையறுத்தது. 1957இல் அச்சட்டத்தை ஆய்ந்த உச்ச நீதிமன்றம், திறமை பெரும்பங்கு வகிக்கும் போட்டிகளை அது கட்டுப்படுத்தாது என்றும், சூதாட்டத் தன்மையுடையனவற்றையே கட்டுப்படுத்தும் என்றும் பிரித்துரைத்தது. நீதிபதிகள் கண்ட அந்த வேற்றுமையை, அறுபது எழுபது ஆண்டுகள் கழிந்த பின்னரும், இலக்கியம் பேசுவோர் காணவில்லை! திறமைக்குரிய புதிரையும் ஊகத்துக்குரிய புதிரையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கின்றனர்.

"வெள்ளைக்காரன் பொழுதுபோக்கு" என்பாரை நோக்கிக் கூற வேண்டியது இன்னும் மிகுதி. கட்டமும் எண்ணும் கொண்ட இன்றைய வடிவம் மேலைநாட்டில் தோன்றியதே; அதில் ஐயமில்லை. 1913 டிசம்பர் 21இல் நியூயார்க் வோர்ல்ட் நாளிதழில் ஆர்தர் வின் என்பார் அதனை வெளியிட்டார். 1924இல் அமெரிக்கா முழுதும் அப்பித்துப் பரவியபோது, இலண்டன் டைம்ஸ் அதனை ஏளனம் செய்து எழுதியது. நியூயார்க் டைம்ஸும் காலத்தை வீணாக்கும் பாவமெனச் சாடியது. ஏளனம் செய்த இலண்டன் டைம்ஸ் 1930 பிப்ரவரி முதல் நாளில் தன் பக்கத்திலேயே குறுக்கெழுத்தை ஏற்றது. நியூயார்க் டைம்ஸ் 1942 வரை வைராக்கியம் காத்துப் பின்னர்ப் பணிந்தது. இன்று இங்கே ஏளனம் செய்வோர் அந்த 1924ஆம் ஆண்டிலேயே நின்றுகொண்டிருக்கின்றனர்.

ஆயினும் மறைபொருட் குறிப்பின் உயிர் கட்டத்தில் இல்லை; சொல்லைப் பிரித்தும் சேர்த்தும் கூட்டியும் குறைத்தும் பொருள் காணும் உத்தியில் உள்ளது. அந்த உத்தி யாருடையது? தண்டியலங்காரத்தின் சொல்லணியியலைப் புரட்டுவோர் கோமூத்திரி, மாலைமாற்று, எழுத்து வருத்தனம், வினாவுத்தரம், கரந்துறைச் செய்யுள், சுழிகுளம், அக்கரச்சுதகம் முதலிய பெயர்களைக் காண்பர். மாலைமாற்று, முன்னும் பின்னும் ஒன்றுபோல் ஓதப்படுவது. திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையும் அவ்வாறு பாடியுள்ளார். எழுத்து வருத்தனம், ஒரு சொல்லோடு எழுத்தைக் கூட்டக்கூட வேறு சொல் பிறப்பது. அக்கரச்சுதகம், எழுத்தை நீக்க நீக்க வேறு சொல் பிறப்பது. கரந்துறைச் செய்யுள், ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் வேறொரு செய்யுள் ஒளிந்திருப்பது. வினாவுத்தரம், அடுத்தடுத்து வினாக்களை எழுப்பி, அவற்றின் குறு விடைகள் ஒன்றுகூடி இறுதியில் ஒரு பெயராய் முடிவது. ஆங்கிலேயர் தம் குறுக்கெழுத்துக்கு வகுத்துக்கொண்ட உத்திகளைப் பட்டியலிட்டால், திருப்புதல், கூட்டல், நீக்கல், ஒளித்தல், ஒட்டுதல் என ஐந்தும் இங்கே பெயரோடு காத்திருக்கின்றன. அவர்கள் 1926க்குப் பிறகு அப்சர்வர் இதழில் டோர்க்விமாடா என்ற புனைபெயரில் எழுதிய எட்வர்டு பாவிஸ் மேதர்ஸின் கைவண்ணத்தில் கண்டவற்றைத் தண்டியாசிரியர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இலக்கணமாக்கிவிட்டார். இதனைப் பெருமையாகப் பேசிக்கொண்டிருப்பதால் மட்டும் பயனில்லை; பழம்பெருமை பேசுவோருக்கு இங்கே பஞ்சமுமில்லை. கையில் கருவி இருந்தும் ஏன் எடுக்கவில்லை என்பதே வினா.

சிலேடையும் அவ்வாறே. ஒரு சொல் பிரியாது நின்று இரு பொருள் தருவது செம்மொழிச் சிலேடை. பிரிந்து நின்று வேறு பொருள் தருவது பிரிமொழிச் சிலேடை. மேலே கண்ட வேலை செம்மொழிச் சிலேடைக்கு எடுத்துக்காட்டு. பிரிமொழிக்கு ஒன்று: "தீபாவளித் தட்டில் அநேக உறைப்பு (5)". அநேகம் என்பது பல. உறைப்பு என்பது காரம். இரண்டும் சேரப் பலகாரம். காளமேகப் புலவர் இன்றிருந்தால் வாரந்தோறும் ஒரு புதிர் அனுப்பியிருப்பார். அதில் பாதியை ஆசிரியர் நாகரிகம் கருதித் திருப்பியனுப்பியும் இருப்பார்.

சித்திரகவியைப் புலமை விரயம் என்று மறுமலர்ச்சிக் காலத்தார் ஒதுக்கினர்; மிறைக்கவி என்ற பெயரே அதன் முரட்டுத்தனத்தைக் காட்டும். அவர்கள் கூறியதில் உண்மை இல்லாமலில்லை. நாகத்தின் உடலுக்குள் எழுத்தை நுழைக்க வேண்டிக் கவிஞன் பொருளைப் பலியிட்டான். உணர்ச்சியைத் தேடி வந்தவனுக்கு வித்தை காட்டினான். ஆனால் அந்த வித்தை கவிதை என்ற பெயரில் வந்தமையாலன்றோ தோற்றது? புதிர் என்ற பெயரில் வந்தால் அதனிடம் எவரும் உணர்ச்சியை எதிர்பாரார். அதன் வித்தையே அதன் பொருள். கவிதையிலிருந்து துரத்தப்பட்ட அவ்வளவு திறனும் வீடின்றி அலைகிறது. குறுக்கெழுத்து அதற்குப் பொருத்தமானதோர் இல்லம்.

இனி, தமிழ் எழுத்து இக்கட்டத்துக்கு ஒவ்வாது என்னும் மூன்றாம் வாதத்துக்கு வருதல் தகும். இம்மூன்றனுள் சிந்திக்கத்தக்கது இதுவொன்றே. ஆங்கிலக் கட்டத்தில் எந்த எழுத்தும் எங்கும் வரலாம். தமிழில் மெய்யெழுத்து மொழிக்கு முதலில் வாராது. ஆனால் தமிழ்ச் சொற்களில் பெரும்பாலன ம், ன், ல், ர், ள் என மெய்யிலேயே முடிகின்றன. ஆகவே குறுக்கே செல்லும் சொல்லின் கடைசிக் கட்டத்திலிருந்து நெடுக்கே ஒரு சொல்லைத் தொடங்குதல் பல இடங்களில் இயலாது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்னும் எட்டின் வரிசைகளும் தமிழ்ச் சொற்களுக்கு முதலாவதில்லை. அன்றியும் உயிர்மெய் ஒன்றுக்கு ஒரு கட்டம் என்று கொண்டால், 26 எழுத்துகளால் ஆகும் எழுத்துக் கலைத்தல் 247 எழுத்துகளில் எளிதாக அமைவதில்லை. இவை மெய்யான இடர்ப்பாடுகள்.

ஆனால் ஒரு கதவு அடைபடும் இடத்தில் ஒன்பது கதவுகள் திறந்து கிடப்பதை அவர்கள் காணவில்லை. நன்னூலார் ஓரெழுத்தொருமொழிகள் நாற்பத்திரண்டு என்று கணக்கிட்டார். ஆ என்றால் பசு. கோ என்றால் அரசன். கா என்றால் சோலை. மா என்றால் மரமும் குதிரையும். வீ என்றால் மலர். ஒரே எழுத்து ஒரு முழுச் சொல்லாய் நிற்கும் இந்த வளம் புதிர் தொடுப்போனுக்கு வாய்த்த புதையல். வேற்றுமையுருபுகளோ ஐ, ஆல், கு, இன் எனச் சொல்லின் வாலிலே ஒட்டிக்கொள்ளக் காத்திருக்கின்றன. குற்றியலுகரம் உயிர் வரக் கெடும் என்ற புணர்ச்சி விதி ஒன்றே நூறு புதிர்களுக்கு ஊற்று. ஒரு குறிப்பு: "மரத்தோடு மாட்டைக் கட்டிய இடத்தில் மீன் வாங்கலாம் (3)". மரம், தேக்கு, மாடு, ஆ, இரண்டும் புணரத் தேக்கா. சந்தையின் பெயர் ஹொக்கியன் மொழியில் மூங்கிலடி என்னும் பொருளுடையதாயினும், புதிர் தன் வழியே வேறொரு பிறப்பை அதற்குக் கற்பித்துவிட்டது. அக்கற்பனையும் ஆதாரமற்றதன்று. பஃபலோ சாலையும், மலாய் மொழியில் எருமை என்றே பொருள்படும் கெர்பாவ் சாலையும் அவ்வட்டாரத்துக் கால்நடை வாணிகத்தின் எச்சங்களாய் இன்றும் அங்கே பெயர்ப்பலகை தாங்கி நிற்கின்றன.

இலக்கணம் புதிருக்குப் பகையா, காவலா என்பதற்கு ஒரு சான்று காட்டலாம். "மேற்கு திரையில் ஓடும் விலங்கு (3)" என்று ஒருவர் குறிப்பு எழுதுவதாகக் கொள்க. மேற்கு என்பதன் கடைசி எழுத்தும் திரை என்பதன் இரண்டெழுத்தும் சேரக் குதிரை கிடைக்கும் என்பது அவர் எண்ணம். ஆனால் மேற்குத் திரை என்று வல்லெழுத்து மிக வேண்டும், மிகுந்தால் கு என்பதற்கும் திரை என்பதற்கும் இடையே த் வந்து நின்றுவிடும், குதிரை வெளிவராது. அவசரக்காரர் ஒற்றை விழுங்கிவிட்டுக் குதிரையை ஓட்டுவார். திறமுள்ளவர் வேறு தொடரைத் தேடுவார். மரைக்காயர்கள் வாணிகம் செய்த ஊரில் இவ்வாறு எழுதலாமே: "'கணக்கைத் தா, மரைக்காயரே!' என்ற பேச்சிடையே பூத்தது (3)". தாமரை பூத்துவிட்டது, ஒற்றும் பிழையாகவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு வல்லினம் மிகும் இடங்களை மனப்பாடம் செய்விக்கும் ஆசிரியர்கள், அவ்விதியை மீறினால் குதிரை தப்பிவிடும் என்று காட்டிப் பார்க்கட்டும். மதிப்பெண்ணுக்காகக் கற்ற விதி மறுநாளே மறந்துபோகும். குதிரையைத் தேடிக் கற்ற விதி எளிதில் மறவாது.

இந்நெறியில் நேர்மை இன்றியமையாதது. ஆங்கிலப் புதிருலகில் சிமினீஸ் என்ற புனைபெயரோடு 1939 முதல் அப்சர்வரில் எழுதிய டி. எஸ். மக்நட், 1966இல் நூலொன்று எழுதி, குறிப்பில் விடையின் பொருளும் அதனை அடையும் வழியும் இருக்க வேண்டும், வேறெதுவும் இருக்கலாகாது என்று வற்புறுத்தினார். நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் குன்றக் கூறலும் மிகைபடக் கூறலும் இவை தவிர வேறென்ன? அப்பத்தனுள் மயங்க வைத்தல் ஒன்றுக்கு மட்டும் புதிர் தொடுப்போனுக்கு விலக்களிக்கலாம். அதுவும் விடை தெரியும் வரையில்தான். எழுத்துமுறையிலும் முன்கூட்டியே ஒரு வரையறை வேண்டும். "தைப்பூசத்துக்கு முன்னாள் உருள்வது தலையிழந்த இந்தியா (3)" என்றால், பாரதத்தின் முதலெழுத்தை நீக்க ரதம் வரும். தேங்க் ரோடு கோயிலிலிருந்து புறப்படும் வெள்ளி ரதத்தை அறியாதார் இங்கே இல்லை. ஆனால் மரபிலக்கணத்தார் அதனை இரதம் என்றே எழுதுவர். மூன்று கட்டம் நான்காகிப் புதிர் நொறுங்கிவிடும். வழக்கில் உள்ள எழுத்தே கொள்ளப்படும் என்று தலைப்பிலேயே கூறிவிட்டால் பூசலுக்கு இடமில்லை. கூறாமல் விடுத்துப் பின்னர்ச் சமாதானம் பேசுவதுதான் நேர்மையின்மை.

தனித்தனிக் குறிப்புகளின் இன்பம் இவ்வாறாக, ஒரு பொருளைச் சுற்றி முழுக் கட்டத்தையும் நெய்யும் புதிரின் இன்பம் வேறொரு படித்தரத்தது. அங்கே தலைப்பு அறிவிக்கப்படுவதில்லை. விடைகள் ஒவ்வொன்றாய் விழும். நான்காவதோ ஐந்தாவதோ விழும்போது, இவையெல்லாம் ஒரே நூலில் கோத்த மணிகள் என்ற உணர்வு திடுமென எழும். அதுமுதல் தேடல் திசை திரும்பிவிடுகிறது. அதுவரை குறிப்பிலிருந்து விடைக்குச் சென்றவன், பின் பொருளிலிருந்து விடையை ஊகித்துக் குறிப்பைச் சரிபார்க்கத் தொடங்குகிறான். வேலை, தேக்கா, ரதம், பலகாரம், தாமரை என்று ஐந்தும் ஒரே கட்டத்தில் நின்றால், மாலைக்கடைகளும் பலகாரக் கடைகளும் நிரம்பிய ஒரு சாலை கண்முன் விரியுமன்றோ? எஞ்சிய இடத்தில் சிராங்கூன் என்ற ஐந்தெழுத்து தானே வந்து அமரும்.

இவ்வகைப் புதிர் எவ்வளவு கனத்தைத் தாங்கும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்று. ஜான் கிரேஹாம் என்ற ஆங்கிலப் பாதிரியார் அராகேரியா என்னும் புனைபெயரில் கார்டியன் நாளிதழில் பல பத்தாண்டுகள் புதிர் தொடுத்தார். பொருள் சார்ந்த புதிர்களில் அவர் மன்னர். 2013 சனவரியில், தம் தொண்ணூற்றோராம் அகவையில், அவர் தொடுத்த ஒரு புதிரின் முகப்பில், அராகேரியாவுக்கு நேர்ந்திருப்பது இன்னது, அதற்குச் செய்யப்படுவது இன்னது என்று கட்ட எண்களால் மட்டும் ஒரு வாக்கியம் இருந்தது. அன்பர்கள் வழக்கம்போல் எழுதுகோலோடு அமர்ந்தனர். ஒரு விடை புற்றுநோய்; மற்றொன்று உணவுக்குழாய்; இன்னும் இரண்டு சேர்ந்து நோவு தணிக்கும் பராமரிப்பு. தம் இறுதி நெருங்கிவிட்டதை வாசகர்களுக்கு அவர் அறிவித்த முறை அது. அவர்கள் அதனைப் படித்து அறியவில்லை. தாமே கட்டம் கட்டமாய்க் கண்டுபிடித்து அறிந்தனர். அவ்வாண்டு நவம்பரில் அவர் மறைந்தார். குறுக்கெழுத்து வெறும் பொழுதுபோக்கு என்பார் இதற்கு என்ன விடை கூறுவர்? ஒரு முதியவர் தம் வாழ்நாள் நண்பர்களிடம் விடைபெற அதனினும் கண்ணியமான வடிவத்தைத் தேடியிருக்க முடியுமா?

தமிழில் முயற்சியே இல்லை என்று கூறுவதும் பிழையாகும். 2000இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பெற்ற தென்றல் இதழில் கணிதவியலாளரான வாஞ்சிநாதன் மறைபொருட் குறுக்கெழுத்தைத் தொடர்ந்து அமைத்துவந்தார். கடல்கடந்து வாழும் தமிழர் அதனை எதிர்பார்த்துத் தீர்த்தனர். தமிழகத்திலோ, இந்து ஆங்கில நாளிதழின் குறுக்கெழுத்தைக் காப்பியோடு சேர்த்து அருந்தும் தமிழறிஞர் பலர் உளர். அவர்தம் மூளை அவ்வித்தையில் பழகியதே. தாய்மொழியில் அதனைச் செய்து பார்க்கும் எண்ணந்தான் எழவில்லை.

சிங்கப்பூரில் இவ்வெண்ணம் எழ வேண்டியதன் இன்றியமையாமை வேறெங்கினும் மிகுதி. 2010ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இங்குள்ள இந்தியருள் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசியோர் நூற்றுக்கு 36க்கு மேற்பட்டவர். 2020இல் அது ஏறத்தாழ 27 ஆகச் சுருங்கியது. அதே காலத்தில் ஆங்கிலம் நூற்றுக்கு ஏறத்தாழ 59 பேரின் வீட்டுமொழியாயிற்று. ஆட்சிமொழி என்ற அரியணை தமிழுக்கு உண்டு. நாணயத்திலும் பெயர்ப்பலகையிலும் அது உண்டு. பள்ளியில் பாடமாகவும் உண்டு. ஏப்ரல் திங்கள்தோறும் விழாவும் உண்டு. ஆயின் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை, எவரும் ஏவாமல், எவரும் மதிப்பெண் இடாமல், தனக்காகவே தமிழோடு செலவிடும் அரைமணிநேரம் எங்கே உண்டு? கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லும் பயிற்சித்தாள், பிள்ளைக்குத் தெரிந்ததை வாங்கிக்கொள்கிறது. கட்டத்தை நிரப்பச் சொல்லும் புதிர், அப்பிள்ளைக்குத் தெரியாததைத் தேடவைக்கிறது.

பேச்சுப் போட்டியும் கட்டுரைப் போட்டியும் போதுமென்று அமைந்திருப்போர் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். அவற்றில் பிள்ளை மேடையேறுகிறது, முதியவர் கைதட்டுகிறார். இருவரும் ஒன்றாகச் செய்வது எதுவுமில்லை. குறுக்கெழுத்தோ இருவரையும் ஒரு மேசைக்கு அழைக்கிறது. வேலை என்றால் கடல் என்பது தாத்தாவுக்குத் தெரியும், பேத்திக்குத் தெரியாது. குறிப்பை இரண்டாக முறித்துப் படிக்கும் தந்திரம் பேத்திக்குச் சட்டெனப் பிடிபடும். தாத்தாவுக்குப் பிடிபட நேரமாகும். ஒருவரின்றி மற்றவர் வெல்ல இயலாத விளையாட்டு இது. மார்க்கெட் ஸ்திரீட்டின் செட்டியார் கிட்டங்கிகளைக் கண்ணால் கண்ட தலைமுறை முதுமையடைந்துவிட்டது. கிட்டங்கி என்ற சொல்லை ஒரு கட்டத்துக்குள் வைத்து, "அது என்ன?" என்று பேத்தியைக் கேட்கவைப்பதற்கு எந்த மேடைப்பேச்சு ஈடாகும்?

இது படித்த சிலருக்கே உரிய விளையாட்டாகிவிடும் என்று அஞ்சுவோரும் உளர். அவ்வச்சம் 1950ஆம் ஆண்டிலேயே பொய்த்துப்போனது. தமிழ் நேசன் இதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 1950-51இல் கதை வகுப்பு நடத்தியபோது, மலாயாவிலும் சிங்கையிலும் உழைத்து வாழ்ந்தவர்கள் கதையெழுதப் பயின்றனர். கோ. சாரங்கபாணி 1935இல் நிறுவிய தமிழ் முரசு, பின்னாளில் மாணவர் மணிமன்றத்தின் வாயிலாகப் பள்ளிச் சிறார் கையில் எழுதுகோலைத் தந்தது. கதையெழுதக் கற்றுத்தர முடிந்த இதழ்களுக்குப் புதிர் அவிழ்க்கக் கற்றுத்தர முடியாதா? உத்திக்கு ஒரு வாரம் என வைத்தாலும், இரண்டு திங்களில் எந்த வாசகரும் தேர்ச்சி பெறுவர். கற்றுத்தராமல் கட்டத்தை மட்டும் அச்சிட்டுவிட்டு, "வாசகர்க்கு ஆர்வமில்லை" என்று கைவிடுவதுதான் இதுகாறும் நடந்துவருவது.

வேண்டுவன சிலவே. திங்களுக்கு ஒரு புதிர், ஒன்பதுக்கு ஒன்பது கட்டம். நுழைவுக் கட்டணம் வேண்டா, குலுக்கல் வேண்டா, ரொக்கப் பரிசு அறவே வேண்டா. சரியாக அவிழ்த்தோர் அனைவரின் பெயரும் அடுத்த இதழில் அச்சாக வேண்டும். விடையை மட்டும் வெளியிடும் சோம்பல் ஒழிய வேண்டும். ஒவ்வொரு விடையும் எவ்வாறு வந்தது என்ற விளக்கம் அதனுடன் வர வேண்டும். ஏனெனில் தோற்றவன் கற்பது அங்கேதான். முதலாண்டின் பன்னிரண்டு புதிர்களுக்கும் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை: கப்பல், சந்தை, கிட்டங்கி, அச்சுக்கூடம், தைப்பூசம் எனச் சிராங்கூன் சாலையில் ஒருமுறை நடந்து வந்தாலே போதும். அவற்றுள் ஒன்று 1887ஆம் ஆண்டு நூலையும் அதனை இயற்றிய பண்டிதரையும் பொருளாகக் கொண்டிருத்தல் முறை. அதன் முதற்குறிப்பு, குறுக்கே, இவ்வாறு அமையலாம்: "நூலை இவ்வாறு செய், திருப்பினால் ஈசனை விளிப்பாய் (2)".